ஏழாம் நம்பர் ஷெட் ராக்கெட்காரம்மா

"எல்லாம் சரியா இருக்குது மேடம்" என்று சொல்லிவிட்டு அவர் முன்னாலிருந்து நிம்மதியாகத் திரும்பி வந்தவர்கள் எங்கள் கம்பெனியில் ஒருவரும் இல்லை. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எழுதிக்கொண்டிருக்கும் பேனாவை மூடி வைப்பார். நிமிர்ந்து பார்ப்பார். "யாரு பாத்தாங்க?" என்பார். குரலில் கோபமே இருக்காது. "நான்தான் பாத்தேன்" என்றால், "எப்ப?" என்பார். "காலையில" என்றால், "வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்துது?" என்பார். ஜன்னல் வெளிச்சமா, ட்யூப்லைட்டா என்று நாம் யோசிக்க ஆரம்பித்ததுமே நமக்கு நம் மேலேயே சந்தேகம் வந்துவிடும். "போயி இன்னொரு தடவ பாத்துட்டு வாங்க" என்று பேனாவைத் திறந்துகொள்வார்.

நான் அவரிடம் நான்கு வருடம் வேலை பார்த்தேன். இங்கே பெயரை எழுதப்போவதில்லை. விருத்தாசலத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களும் கிடையாது. செராமிக் தொழிற்பேட்டையில் எல்லோருக்கும் அவர் ராக்கெட்காரம்மா, எங்களுக்கு மேடம்.

அதற்கு முன் பதினெட்டு வருடமாக நான் அதே பேட்டையில் ஃபியூஸ் கட்டை செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்தேன். செராமிக் டிப்ளமோ படித்தவள். சூளையிலிருந்து இறங்கிய பீங்கானை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துச் சின்ன மரக்குச்சியால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல சாமான் கணீரென்று பேசும். உள்ளே கீறல் இருந்தால் சளி பிடித்த தொண்டை மாதிரி ஒலிக்கும். சந்தேகமானதைச் சிவப்பு மையில் ஊறவைத்துக் கழுவினால், கீறல் இருக்கும் இடத்தில் மை உள்ளே இறங்கி நிற்கும். கண்ணை மூடிக்கொண்டும் செய்யக்கூடிய வேலை என்று அப்போது நினைத்திருந்தேன்.

எங்களுக்கு இரண்டு ஷெட் தள்ளி ஏழாம் நம்பர் ஷெட். பொம்மை செய்த கம்பெனி மூடிப்போன பிறகு பூட்டியே கிடந்தது. ஒருநாள் பார்த்தால் புதுத் தகரம் போட்டிருந்தார்கள். ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் வெள்ளைத்தாள் ஒட்டி, நாலு மூலையிலும் கேமரா வைத்திருந்தார்கள். பேட்டை முழுக்க அதே பேச்சு. குட்கா பாக்கெட் போடுகிறார்கள் என்றார் ஒருவர். கள்ள நோட்டு என்றார் இன்னொருவர். எங்கள் சூளையைப் பார்த்துக்கொண்டிருந்த குமரேசன் அண்ணன்தான் விசாரித்துக்கொண்டு வந்தார்.

"ராக்கெட் கம்பெனியாம் வசந்தா. மானத்துல ராக்கெட் வுடப் போறாங்களாம்."

"தீபாவளிக்கா?"

"சிரிக்காத. ராக்கெட் வுடறவங்க இங்க எதுக்கு வந்து ஷெட் புடிக்கிறாங்க? வேற என்னமோ இருக்குது. போலீஸ் வரைக்கும் போவும், பாரு."

எனக்கும் அப்படித்தான் பட்டது.

அடுத்த வாரம் அந்தக் கம்பெனியை நடத்தும் அம்மா நேராக எங்கள் ஷெட்டுக்கே வந்துவிட்டார். முப்பத்தைந்து வயது இருக்கும். காட்டன் சுடிதார், ஆம்பிளைகள் கட்டுகிற பெரிய வாட்ச், காலில் கேன்வாஸ் ஷூ. எங்கள் முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்தார். உள்ளே பஞ்சில் பன்னிரண்டு வெள்ளைக் குழல்கள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம்.

"இதுல எது ஒடஞ்சதுன்னு சொல்ல முடியுமாக்கா?"

தட்டிப் பார்த்தேன். மூன்றைத் தனியே வைத்தேன்.

"நான் ரெண்டுதான் கலந்து வெச்சேன்" என்றார்.

"அது எனக்குத் தெரியாதுங்க. இது மூணாவது. மையில போட்டுப் பாருங்க."

முகத்தில் ஒன்றும் காட்டாமல் பெட்டியை மூடிக்கொண்டு போனார். மறுநாள் காலை திரும்பி வந்து அந்த மூன்றாவது குழலை என் உள்ளங்கையில் வைத்தார். தலைமுடி மாதிரி ஒரு சிவப்புக் கோடு ஓடியிருந்தது. "எங்ககிட்ட வந்துடறீங்களா?" என்றார். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருக்கிறார். "மொதல்ல அது என்னா கம்பெனின்னு பாரு" என்றார். போய்ப் பார்த்தால்தானே தெரியும் என்று போனேன். ஒரு மாதம் கழித்து குமரேசன் அண்ணனும் வந்து சேர்ந்துகொண்டார்.

அந்தக் குழல் எதற்கு என்பதை முதல் நாளே எனக்கு விளங்குகிற மாதிரி சொன்னார். ராக்கெட் எஞ்சினுக்குள் எரிபொருள் பாயும்போது ஒரு மின்பொறி விழ வேண்டும். அந்த மின்சாரம் இந்தக் குழல் வழியாகத்தான் உள்ளே போகிறது. குழலில் கீறல் இருந்தால் மின்சாரம் பக்கவாட்டில் ஒழுகிவிடும். தீ பிடிக்கத் தாமதமாகும். அதற்குள் எரிபொருள் உள்ளே நிரம்பிவிடும்.

"அர செகண்டு லேட்டானா அது ராக்கெட் இல்லக்கா. வெடி."

முதலில் வெளிநாட்டிலிருந்துதான் குழல் வாங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டியோடும் நல்ல தாளில் சர்டிபிகேட் வந்திருக்கிறது. அதில் ஒன்று தரைச் சோதனையில் எஞ்சினையே சிதறடித்துவிட்டது. அனுப்பியவர்கள் மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார்களாம். அந்த சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு அறையில் மாட்டியிருந்தார். "கையெழுத்து இருக்குது பாருங்க. கண்ணு இல்ல" என்பார். அதற்குப் பிறகுதான் களிமண் பொடியிலிருந்து எல்லாவற்றையும் தன் கண் முன்னால் செய்வதென்று, பீங்கான் தெரிந்த ஆட்கள் இருக்கும் ஊரைத் தேடி வந்திருக்கிறார்.

கண் முன்னால் என்றால் நிஜமாகவே கண் முன்னால்தான். என் மேஜைக்கு மேலே ஒரு கேமரா. சூளை அறையில் இரண்டு. தண்ணீர் கேனை இறக்குகிறவர் வந்து போன நேரம்கூட எழுதி வைக்கப்பட்டது. கரண்ட் சூளையின் உள்சூட்டைக் காட்டும் மீட்டரை அவர் நம்பவில்லை. இன்னொரு மீட்டர் வாங்கினார். இரண்டும் ஒரே அளவு காட்டியதும் சந்தேகம் அதிகமாகி மூன்றாவது வாங்கினார். "ரெண்டும் ஒண்ணா தப்பு காட்டுச்சுன்னா?" என்றார். குமரேசன் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

எஞ்சினை எரித்துப் பார்ப்பதற்குக் கருவேப்பிலங்குறிச்சி போகிற வழியில் முந்திரிக்காட்டுக்கு நடுவே ஒரு இடம் பிடித்திருந்தோம். கான்கிரீட் மேடை, குழாய்கள், நெருப்பு போவதற்கு ஒரு நீளப் பள்ளம். பள்ளம் தோண்டிய மறுநாளே ஊர் திரண்டு வந்துவிட்டது. அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு, யாராவது அளவு நாடாவோடு வந்து நின்றாலே சந்தேகம் வந்துவிடும். நிலக்கரிச் சுரங்கத்துக்காக நிலத்தை எடுத்துக்கொள்வார்கள் என்ற பயம். கூட்டத்திலிருந்து ஒரு அம்மா முன்னால் வந்தார். மடியில் முந்திரிக்கொட்டை.

"மானத்துல வுடறேன்னு சொல்றியே, மானத்துல வுடறதுக்குப் பூமியில எதுக்கும்மா பள்ளம்?"

எங்கள் எஞ்சின் பொறியாளர் டேவிட் கோயம்புத்தூர்க்காரர். சட்டென்று கோபம் வந்துவிடும். அவர் வாயைத் திறக்கும் முன் மேடம் கையமர்த்தினார்.

"நல்ல கேள்விம்மா. என்ன நம்பாதீங்க. எறங்கிப் பாருங்க."

அந்த அம்மாவின் கையைப் பிடித்துப் பள்ளத்தில் இறக்கினார். அளவு நாடாவின் ஒரு முனையை அவரிடமே கொடுத்தார். ஆழத்தை ஒரு நோட்டில் எழுதி, மாதம் ஒருமுறை ஊரிலிருந்து இரண்டு பேர் வந்து அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். இரண்டு மாதம் வந்தார்கள். மூன்றாவது மாதம் யாரும் வரவில்லை. மேடமே ஆள் அனுப்பினார். அந்த அம்மா வந்து, "அதான் பாத்தாச்சேம்மா" என்றார்.

"போன மாசம் பாத்தீங்க. இந்த மாசம் நான் தோண்டியிருந்தா?"

அந்த அம்மா சிரித்துக்கொண்டே இறங்கி அளந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேடம் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

ஏனென்றால் அந்தச் சமயத்தில்தான் நான் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். மாதத்துக்கு இரண்டு முறை, சூளையிலிருந்து வரும் தட்டில் கீறல் விழுந்த ஒரு குழல் தனியாகத் தெரிந்தது. மற்றவற்றின் வெள்ளைக்கும் அதன் வெள்ளைக்கும் ஒரு நூலிழை வித்தியாசம். பழைய தட்டுக் குழல். யாரோ வேண்டுமென்றே கொண்டுவந்து கலக்கிறார்கள். நேரே அவர் அறைக்குப் போனேன்.

"இத நீங்கதான் வெக்கிறீங்களா மேடம்?"

"ஆமாக்கா."

"நான் பாக்குறேனா பாக்கலயான்னு சோதிக்கிறீங்களா? எங்கள எல்லாம் திருடங்க மாதிரி நெனச்சிக்கிட்டு..."

"திருடங்களயாவது நம்பலாம்க்கா. அவங்க முழிச்சிக்கிட்டு இருப்பாங்க. பழகின வேலை செய்யறவங்க தூங்கிடுவாங்க."

"அப்ப உங்கள யாரு சோதிக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் வேலை போய்விடுமோ என்று பயந்தேன். அவர் தன் மேஜை மேல் இருந்த சோதனைப் பட்டியலை என் பக்கம் தள்ளினார். எஞ்சினை எரிப்பதற்கு முன் அவர் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சரி போடும் தாள்.

"இதுல மாசம் ஒரு நம்பர நீங்க மாத்தி வெய்ங்க. எதுன்னு டேவிட்டுக்கு மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க. நான் கண்டுபுடிக்கிறனான்னு பாப்போம்."

மாற்றி வைத்தேன். ஆறு மாதம் தவறாமல் பிடித்தார். ஏழாவது மாதம் விட்டுவிட்டார். சரி போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டார். டேவிட் எடுத்துக் காட்டியதும் அந்தத் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சோதனையை நிறுத்தினார். மத்தியானச் சாப்பாடு சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து அவர் கையெழுத்துக்குக் கீழே இன்னொரு கையெழுத்துக்கும் இடம் வந்தது.

அவருக்கு ஏன் இப்படி ஒரு சுபாவம் என்பதற்குப் பேட்டையில் பல கதைகள் இருந்தன. சொந்த ஊர் பெண்ணாடம் பக்கம். அப்பா கரும்பு டிராக்டர் ஓட்டியவர், பிரேக் பார்த்தாச்சு என்று எவனோ சொன்னதை நம்பி ஏறி இறந்துபோனார் என்று ஒரு கதை. கட்டியவன் ஏமாற்றிவிட்டான் என்று ஒரு கதை. ஒருநாள் டீ குடிக்கும்போது தைரியமாகக் கேட்டேன். சிரித்தார்.

"எங்க அப்பா நல்லா இருக்குறாரு. நேத்துகூட ஃபோன்ல சண்ட போட்டோம். கல்யாணமே ஆவல, யாரு ஏமாத்துறது? பொறந்ததுலேருந்து நான் இப்படித்தாங்க்கா. சின்ன வயசுல எங்கம்மா வூட்டப் பூட்டிட்டு வந்தா நான் திரும்பிப் போயி இழுத்துப் பாத்துட்டுத்தான் வருவேன். பஸ்ஸே வுட்டிருக்கோம்."

இனி நான் சொல்ல வேண்டியது என்னைப் பற்றியது.

முதல் ராக்கெட்டுக்கு நாள் குறித்தாகிவிட்டது. கடற்கரையில் இருக்கும் அரசாங்க ஏவுதளத்தில் எங்களுக்கு இரண்டு நாள் கொடுத்திருந்தார்கள். அந்த இரண்டு நாளுக்காக அவர் எத்தனை அலுவலகப் படி ஏறினார் என்று எங்களுக்குத் தெரியும். பணம் போட்டவர்கள் பொறுமை இழந்திருந்தார்கள். கடைசித் தட்டுக் குழல் சூளையிலிருந்து இறங்கியது. அதில் என் கையில் தேறியவை மூன்றே மூன்று. எஞ்சினுக்கு இரண்டு, கூடுதலாக ஒன்று கையில் இல்லாமல் ஏவுதளத்துக்குப் போகக் கூடாது என்பது மேடம் போட்ட விதி. எடுத்துப்போக மத்தியானம் கார் வாசலில் நின்றது. மேடம் சென்னையில் இருந்தார்.

கரண்ட் போயிருந்தது. ஜெனரேட்டர் சூளைக்கு மட்டும்தான். என் தலைக்கு மேலே கேமராவின் சிவப்புப் புள்ளி அணைந்திருந்தது. பஞ்சில் வைக்கப் போகும்போது பதினோராம் நம்பர் குழல் என் விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. ரப்பர் விரிப்பின் மேல்தான் விழுந்தது. முழங்கால் உயரம்கூட இருக்காது.

எங்கள் கம்பெனியில் அதற்கு ஒரு விதி உண்டு. கீழே விழுந்த குழல் எப்படி இருந்தாலும் அங்கேயே சுத்தியலால் உடைத்துவிட வேண்டும். எடுத்துத் தட்டிப் பார்த்தேன். கணீரென்றது. மையில் போட்டுக் கழுவினேன். ஒரு கோடு இல்லை. உடைத்தால் அடுத்த தட்டுக்குப் பத்து நாள், எஞ்சின் பூட்டும் வேலை தள்ளிப்போய் ஏவுதளத்தில் கொடுத்த நாளே தவறிவிடும். அத்தனை பேரும் என்னைப் பார்ப்பார்கள். அவர் பேனாவை மூடி வைப்பார். "யாரு பாத்தாங்க?" என்பார். அதை நினைத்ததுமே என் கை தானாகப் பஞ்சைத் திறந்து குழலை உள்ளே வைத்து மூடியது. டிரைவரிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கரண்ட் வந்தது. கேமராவில் சிவப்புப் புள்ளி எரிந்தது.

மூன்று வாரம். சோறு இறங்கவில்லை. கோயிலுக்குப் போனாலும் அந்தக் குழல்தான் கண்ணுக்குள் நின்றது. அது நன்றாகத்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். உடனே மனசுக்குள் இன்னொரு குரல், எந்த வெளிச்சத்தில் பார்த்தாய் என்று கேட்கும். கரண்ட் இல்லாத வெளிச்சத்தில்.

ராக்கெட் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை பத்து மணிக்கு வீட்டு வாசலில் நின்று அவருக்குப் போன் செய்தேன்.

"மேடம், பதினோராம் நம்பர் கீழ வுழுந்துது. நான் ஒடைக்கல."



"யாரு பாத்தாங்க?"

"நான் மட்டுந்தான் மேடம்."

போன் வைக்கப்பட்டது.

எஞ்சினைப் பிரித்துக் குழலை மாற்ற இரண்டு நாளில் முடியாது என்று ராக்கெட் நிறுத்தப்பட்டது. காரணம் என்ன என்று அவர் வெளியே யாருக்கும் சொல்லவில்லை. 'தொழில்நுட்பக் காரணம்' என்று செய்தி வந்தது. கைக்கு வந்த இரண்டு நாளும் போயிற்று. பணம் போட்டவர்களில் ஒருவர் விலகிக்கொண்டார். ராக்கெட்டைப் பிரித்து லாரியில் திருப்பிக்கொண்டு வந்தார்கள். பேட்டையில் டீக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "என்னாம்மா, புஸ்வாணமா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

பதினோராம் நம்பர் எஞ்சினுக்குள்தான் இருந்திருக்கிறது. டேவிட் அதைக் கழற்றி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து மேடம் மேஜைக்குக் கொண்டுவந்தார். என்னையும் கூப்பிட்டார்கள்.

"எக்ஸ்ரே எடுக்கறதுக்கு எழுதி வெச்சிருக்கேன் மேடம்" என்றார் டேவிட். "க்ராக் இருக்குதா இல்லையான்னு ரெண்டு நாள்ல தெரிஞ்சுடும். இல்லைன்னா இந்தக்கா ஒருத்தங்களால நாம மொத்தமா..." என்று என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மேடம் இழுப்பறையைத் திறந்து சுத்தியலை எடுத்தார். நாங்கள் என்னவென்று உணர்வதற்குள் ஒரே அடி. குழல் பொடியாகிவிட்டது.

"மேடம்!" என்று டேவிட் கத்திவிட்டார். "டெஸ்ட் பண்ணியிருந்தா தெரிஞ்சிருக்குமே!"

"தெரிஞ்சி என்னா பண்ணப் போறோம்? நல்லா இருந்துதுன்னு வந்தா இந்தக்கா அடுத்த தடவ சொல்ல மாட்டாங்க. ஒடஞ்சிருந்துதுன்னு வந்தா நான் இவங்கள மன்னிக்க மாட்டேன். ரெண்டும் நமக்கு வேணாம்."

டேவிட் கதவை அறைந்துகொண்டு வெளியே போனார். நான் நின்றேன். அவர் பீங்கான் பொடியை ஒரு தாளில் கூட்டி அள்ளிக்கொண்டே கேட்டார்.

"ஏன்க்கா அன்னிக்கே சொல்லல?"

"பயமா இருந்துது மேடம்."

"எதப் பாத்து?"

"உங்களப் பாத்து."

தாளை மடித்துக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி மடித்தது. "நாளைலேருந்து செக்கிங் டேபிள்ல ஒக்காராதீங்க. பேக்கிங் பாருங்க" என்றார்.

நான்கு மாதம் பேக்கிங் பார்த்தேன். என் மேஜையில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்தாள். மழைக்காலம் முடிந்த பிறகு ஏவுதளத்தில் மறுபடி நாள் கொடுத்தார்கள். அன்று பேட்டை ஷெட்டில் சுவரில் படம் விழ வைத்து எல்லோரும் நின்றபடியே பார்த்தோம். எண்ணிக்கை முடிந்ததும் அடியில் தீ பிடித்தது. அரை செகண்டுகூடத் தாமதமில்லை. புகையைக் கிழித்துக்கொண்டு ராக்கெட் நிமிர்ந்து போனது. குமரேசன் அண்ணன் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். நானும் கை தட்டினேன். அதில் போன குழல் ஒன்றுகூட நான் பார்த்ததல்ல. தட்டிய கை எரிந்தது.

ஏவுதளத்தில் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதபோது மேடம் நாற்காலியை விட்டு எழவில்லை என்று டேவிட் பிறகு சொன்னார். எவ்வளவு உயரம் போனது என்ற கணக்கு மூன்று வேறு கருவிகளிலிருந்து வந்து சேரும்வரை, "இருங்க, இருங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். மேடம் ஊருக்குத் திரும்பிய அன்று மத்தியானம் சூளை அறைப் பக்கம் போனேன். அவர் சூளையில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையில் தாள் இல்லை, போன் இல்லை. எதையும் படிக்காமல் அவர் சாப்பிட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் காலை வந்தபோது என் மரக்குச்சியும் மை டப்பாவும் பழைய மேஜையில் இருந்தன.

அந்த வெற்றிக்குப் பிறகு கம்பெனி பெரிதாகி ஓசூர் பக்கம் போனது. குமரேசன் அண்ணன் கூடவே போனார். வீட்டுக்காரருக்கு வேலை இங்கே, என்னால் போக முடியவில்லை. கடைசி நாள், லாரியில் சாமான் ஏறும்போது கேட்டேன்.

"இப்பவாவது என்ன நம்புறீங்களா மேடம்?"

"இல்லக்கா" என்றார் உடனே. என் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். "யாரையும் நம்பல. உங்கள மட்டும்னு இல்ல" என்று சேர்த்துக்கொண்டார். அதை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

மூன்று வருடம் கழித்து அவர்களுடைய பெரிய ராக்கெட் தோற்றது. போனில் பார்த்தேன். நன்றாகக் கிளம்பி, மேலே போய், பிறகு பக்கவாட்டில் சாய்ந்து கடலில் விழுந்தது. யாருக்கும் சேதமில்லை. பத்திரிகைக்காரர்கள் மைக்கை நீட்டி யார் தவறு என்று கேட்டார்கள். "என்னுது" என்றார். மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணால் பார்க்காத ஒன்றை அவர் இப்படிச் சொல்ல மாட்டாரே, என்னத்தைப் பார்த்தார் என்று எனக்கு ஒரே யோசனையாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து ஒரு மத்தியானம் போன் வந்தது.

"வசந்தாக்கா, ஒரு வால்வு. மாட்டுறப்ப லேசா இடிச்சிருக்குது. மூணு பேருக்குத் தெரியும். மூணு பேரும் சொல்லல."

"ஏன் மேடம் சொல்லல?"

"நீங்க அன்னிக்குச் சொன்னீங்க பாருங்க, அதே காரணந்தான். முந்நூறு பேர் இருக்கறாங்க. எங்கிட்ட எல்லாரும் சரியா இருக்குதுன்னுதான் சொல்றாங்க. கேமரா இன்னும் நெறைய வெச்சேன். ஒண்ணும் ஆவல. நீங்க வரீங்களா? செக்கிங்குக்கு இல்ல. சும்மா நடுவுல ஒக்காந்து இருங்க. அவங்க உங்ககிட்ட சொல்லுவாங்க."

வீட்டுக்காரர் அந்த வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தார். போவதற்குத் தடை ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்குள் சந்தேகம் இருந்தது. அவர் கேட்பது காது கொடுக்கும் ஆளையா, இன்னொரு கேமராவையா?

"வரேன் மேடம். எது வுழுந்துது, எது இடிச்சுதுன்னு உங்களுக்கு வந்து சொல்லுவேன். யாரு சொன்னாங்கன்னு சொல்ல மாட்டேன். நீங்க கேக்கவும் கூடாது."

பேனா மூடும் சத்தம் கேட்டதா, நானே கற்பனை செய்துகொண்டேனா தெரியாது. போன் அறுந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். திரையில் நேரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"சரி" என்றார்.

ஓசூர் கட்டிடம் மலைக்கவைக்கிற அளவுக்குப் பெரியது. எங்கும் கண்ணாடிச் சுவர். எனக்குக் காண்டீன் பக்கத்தில் ஒரு மேஜை போட்டிருந்தார்கள். முதல் இரண்டு நாளும் எல்லோரும் என்னை உளவாளியைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டு போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மூன்றாம் நாள் காலை நீல யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண் டீ டம்ளரோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். டீயைக் குடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

அப்போதுதான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடம் வருவதைக் கண்டேன். கையில் தாள்களோடு நேரே எங்களை நோக்கித்தான் நடந்து வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். என் எதிரே உட்கார்ந்திருந்தவளின் முதுகைப் பார்த்தார். இன்னும் நாலடி வைத்தால் அது யாரென்று முகம் தெரிந்துவிடும்.

நின்றார். கையிலிருந்த தாள்களை ஒருமுறை சரி செய்துகொண்டார். பிறகு வந்த வழியே திரும்பி, ஒரு தடவைகூடப் பின்னால் பார்க்காமல் நடந்து போனார்.